குரோட்டன்ஸ் தொட்டி மண்

தொட்டி மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டியில்தான் அன்னக்கொடி அதை முதலில் பார்த்தாள். எலி பறித்திருந்தால் மண் வெளியே சிதறிக் கிடக்கும். பெருச்சாளி என்றால் தொட்டியே சாய்ந்திருக்கும். இது அப்படி இல்லை. தண்டை ஒட்டி, வேர் இருக்கும் இடம் பார்த்து, யாரோ பக்குவமாகத் தோண்டி எடுத்ததுபோல் சுத்தமான குழிகள். அவள் குனிந்து பார்த்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. "என்ன எழவோ" என்று முனகிவிட்டு மண்ணைத் தள்ளி மூடினாள்.

அதற்குமேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. கல்யாண மண்டபங்களுக்குப் பூந்தொட்டி வாடகைக்கு விடுகிற பிழைப்பு. அவனியாபுரத்தில் ஓட்டு வீடு, வீட்டைச் சுற்றி வரிசை வரிசையாகத் தொட்டிகள், தலைக்குமேலே அவ்வப்போது வீட்டை உலுக்கிவிட்டு இறங்கும் விமானம். புருஷன் இருந்தவரை இரண்டு பேர் செய்த வேலையை இப்போது ஒருத்தி செய்தாள். வயது நாற்பத்தாறுதான், ஆனால் ஐப்பசி முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டால் அறுபதுக்காரிபோல் சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். தொட்டியை இறக்கு, கழுவு, செம்மண் பூசு, தண்ணீர் ஊற்று, மறுபடி ஏற்று. படுத்தால் தூக்கம் வராது, தூக்கம் வந்தால் விடிந்துவிடும்.

போதாததற்கு மகள் அழகுமீனா வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். போதாததற்கு என்று சொன்னால் அன்னக்கொடிக்கே கோபம் வரும், இருந்தாலும் உண்மை அதுதான். மீனாவுக்கு இதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் நிற்கவில்லை. வளைகாப்பு அன்றைக்குத் திருப்பூர்ச் சம்பந்தியம்மாள் ஊர் பார்க்க மீனாவின் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு, அடுப்படியில் வைத்து அன்னக்கொடியிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "இதுவும் போச்சுன்னா ஒங்க மக ஒங்க வீட்லயே இருந்துக்கட்டும். என் மகனுக்கு நான் வேற வழி பாத்துக்கிறேன்." அன்றிலிருந்து அன்னக்கொடிக்கு இருந்த ஒரே வேண்டுதல், இந்தப் பிள்ளை நிற்க வேண்டும்.

செடிகளோ ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

வாடிச் சாகவில்லை, அதுதான் வேடிக்கை. மேலே மஞ்சளும் சிவப்புமாக இலை மினுமினுக்கும். தண்டைப் பிடித்துத் தூக்கினால் மட்டும் ஒரு பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்துவிடும். அடியில் வேர் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. பழுப்பு நிறத்தில் கொழகொழத்து, தொட்டால் தோல் உரிந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். வாடையை நாற்றம் என்றும் சொல்ல முடியாது. முதல் மழைக்கு எழும்பும் மண்வாசனை, அதற்கு அடியில் கொஞ்சம் இனிப்பாக, பழுத்துப்போனதாக ஏதோ ஒன்று.

தொட்டி ஏற்றி இறக்கும் டிரைசைக்கிள்காரர் கருத்தக்கண்ணன் ஒரு சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, மண்டபத்துல மேனேஜர் கண்டமானிக்கு ஏசுறாப்ல. மாப்ள அழைப்பு நடக்கும்போதே ரெண்டு செடி தன்னால சாஞ்சிருச்சாம். சகுனம் சரியில்லன்னு பொண்ணு வீட்ல ஒரே சத்தம்."

"தண்ணி அதிகமாயிருச்சு போலண்ணே."

"என்னவோ, பாத்துக்க. இந்த மழை விட்டாத்தான் சரிப்படும்."

அன்னக்கொடி செத்த செடிகளைப் பிடுங்கிவிட்டு, மண்ணைக் கொல்லைப்புறக் குவியலில் தட்டினாள். செடி செத்தால் மண்ணை வீசுகிற வழக்கம் இந்தத் தொழிலில் யாருக்கும் கிடையாது. ஒருநாள் வெயில் காட்டி, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து அடுத்த தொட்டிக்குப் போட்டுவிடுவார்கள். நல்ல மண்ணை வீசுவது வடித்த சோற்றை வீசுவதுபோல. ஆனால் அந்த ஐப்பசியில் வெயில் எங்கே இருந்தது? ஈரத்தோடு கலந்து ஈரத்தோடு நிரப்பினாள். எல்லாத் தொட்டிக்கும் அந்த மண் போனது.

அழுகின வேரைப் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு ஆரப்பாளையத்தில் அப்துல் வஹீது பாயின் உரக்கடைக்குப் போனாள். பாய் பையைத் திறக்காமலே டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"வேரழுகல்மா இது. மண்ணுல இருக்குற பூஞ்சாணம். நூல் நூலா ஓடும். வேரைத் தின்னுட்டு, வேர் இருந்த எடத்துல தான் உக்காந்துக்கும்."

"மேல நல்லாத்தானே பாய் இருக்கு?"

"கடைசி வரைக்கும் மேல நல்லாத்தான் இருக்கும். அதான் இதுல கஷ்டமே." நீல நிறத்தில் ஒரு பொடிப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். "தண்ணியில கரைச்சு ஊத்து. வெசம், வாயில கீயில பட்ரப் போகுது. ஆனா நான் சொல்றது என்னன்னா, அம்புட்டு மண்ணையும் அள்ளி ஊருக்கு வெளிய கொட்டிரு. வீட்டுப் பக்கத்துல வைக்காத."

அம்புட்டு மண்ணையுமா! பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி அன்னக்கொடி தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண் எல்லாம் வெடித்து, வெடிப்பில் மண் ஏறி, தேய்த்தாலும் போகாமல் கறுத்துக் கிடந்த கைகள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவளுடைய பல வேலைகள் அந்த நாளைக்குள்தான் போய் ஒளிந்துகொண்டிருந்தன.

மறுநாள் மத்தியானம் வாளியில் நீலப் பொடியைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, பெரணிச் செடிகளுக்குப் பின்னாலிருந்து கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. மீனா உள்ளே தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள். குரோட்டன்ஸ் தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள் மகள். விரல் முழுக்க ஈரமண். உதட்டோரம் மண். தாயைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தாள், சின்னப்பிள்ளையில் சீனி டப்பாவோடு பிடிபட்டபோது மறைத்தமாதிரியே.

"ஏத்தா, மண்ணையா திங்கிற?"

"திட்டாதம்மா. சோறு எறங்க மாட்டேங்குது. கொமட்டிக்கிட்டு வருது. இது மட்டும்தான் எறங்குது."

அன்னக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிப்பாவி! தொட்டியெல்லாம் தோண்டுன பெருச்சாளி நீதானாடி?"

மசக்கைக்காரி மண் தின்பது உலகத்தில் நடக்காத அதிசயமா? மீனா வயிற்றிலிருந்தபோது அன்னக்கொடியே திருநீறும் செங்கல் துண்டும் தின்றிருக்கிறாள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். இரண்டைப் பறிகொடுத்தவள் கேட்கிறாள், எந்தத் தாய்க்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரும்?

"திங்கிறதுதான் திங்கிற, நல்ல மண்ணாத் தாரேன் இரு. புதுச் செம்மண்ணு வந்திருக்கு."

"வேணாம்மா. இந்தத் தொட்டி மண்ணுதான் நல்லாருக்கு. செடி சாஞ்ச தொட்டியிலதான் ருசி இருக்கு. மத்ததுல ஒண்ணும் இல்ல."

பாய் சொன்னது ஒரு கணம் மனதில் தட்டியது. செடிக்கு வரும் நோய் மனுஷிக்கு வருமா என்று அதை ஒதுக்கிவிட்டாள். பயமெல்லாம் நீலத் தண்ணீரின்மேல்தான் வந்தது. இந்த விஷத்தைத் தொட்டியில் ஊற்ற, அதை மகள் தின்றுவைத்தால்? பதறிப்போய் வாளியைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிறகு செடி சாய்ந்த தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணைக் கிளறி, கல் பொறுக்கி, எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுத் தன் கையாலேயே மகளிடம் கொடுத்தாள். மீனா கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். பல்லில் மண் நெறுநெறுக்கும் சத்தம் கேட்டபோது அன்னக்கொடிக்கு நாக்கில் நீர் ஊறியது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு மீனா தேறினாள். குமட்டல் நின்றது, கால் வீக்கம் வடிந்தது, முகத்தில் எண்ணெய் தேய்த்த மாதிரி ஒரு மினுமினுப்பு வந்தது. தெருவில் எல்லோரும் "பொம்பளப் பிள்ளதான், மொகத்தைப் பாரு" என்றார்கள். பக்கத்து வீட்டு போனில் மருமகன் மருது கேட்டபோது, "நல்லாருக்கா மாப்ள, தெளிஞ்சிட்டா" என்று அன்னக்கொடி வாய் நிறையச் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், மகள் தூறலில் உட்கார்ந்திருப்பாள், மண்சுவரில் சாய்ந்து, பாதங்களைச் சேற்றில் வைத்துக்கொண்டு, மழை முகத்தில் வழிந்தாலும் துடைக்காமல்.

"ஏத்தா, சளி பிடிக்கும்டி, உள்ள வா."

"உள்ள காஞ்சு கெடக்கும்மா. இங்கிட்டுத்தான் நல்லாருக்கு."

சோற்றுத்தட்டு வைத்தபடியே திரும்பி வந்தது. தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தாள். தலை சீவிவிடும்போது வகிட்டிலிருந்து மண்வாசனை வந்தது, அதற்கு அடியில் இனிப்பாக இன்னொன்றும் வந்தது. தேகம் குளிர்ந்திருந்தது, காய்ச்சல்காரியின் குளிர் இல்லை, பானையின் குளிர். காலையில் பாயைச் சுருட்டினால், மீனா படுத்திருந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஊறவைத்த மாவில் பூக்குமே, அப்படி. அன்னக்கொடி பினாயில் ஊற்றித் துடைத்தாள். மறுநாள் அது மறுபடி பூத்தது, தலை இருந்த இடம், தோள் இருந்த இடம், வயிறு சரிந்திருந்த இடம் எல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி. மழைக்காலம், ஓதம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே துடைத்தாள்.

வளையல் சத்தமும் நின்றுபோயிருந்தது. அதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். கை அசைந்தால்தானே வளையல் குலுங்கும்?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மீனாவின் வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்தாள். இடம் மாற்றினாள். இன்னொரு இடம். மறுபடி முதல் இடம். வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். நர்ஸ் காதை எடுத்துவிட்டு மீனாவின் முகத்தைப் பார்த்தாள்.

"புள்ள அசையுதாம்மா?"

"எப்பவும் அசையுது சிஸ்டர்," என்றாள் மீனா சிரித்துக்கொண்டே. "நிக்கவே மாட்டேங்குது."

நர்ஸ் குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினாள். அன்னக்கொடி பின்னாலேயே போய் நின்றாள்.

"துடிப்பு கேட்டுச்சா தாயி?"

"சத்தம் இருக்கும்மா." அவள் தாழ்ந்த குரலில் பேசினாள். "துடிப்புன்னு சொல்ல முடியல. ஏதோ... கரகரன்னு. நாளைக்குக் காலையில டாக்டரம்மா வருவாங்க, ஸ்கேன் எடுத்துரலாம். கட்டாயம் கூட்டிட்டு வாங்க."

ஷேர் ஆட்டோவில் மீனா தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள். கனமே இல்லை. இவ்வளவு பெரிய வயிற்றோடு ஒருத்தி சாய்ந்தால் தோள் நோக வேண்டாமா? அன்னக்கொடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவதும் போய்விட்டது என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. போனால் போகட்டும், எல்லாம் முடிந்து ஒருநாள் தூங்கினால் போதும் என்று இன்னொன்று சொன்னது. அந்த இரண்டாவது குரலைக் கேட்டதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வாயில் அறைந்துகொண்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மகளைப் படுக்கவைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டிகளிடம் போனாள். மறுநாள் கல்யாணத்துக்குத் தொட்டி ஏற்றச் சாயங்காலம் கருத்தக்கண்ணன் வருவார். வரட்டும். அதற்குள் இந்த மண் ஒழிய வேண்டும். வானம் அடைத்து இருட்டிக்கொண்டு வந்தது. காற்றே இல்லை. குரோட்டன்ஸ்கள் ஓர் இலைகூட அசையாமல், கண்ணைப் பறிக்கிற நிறத்தில், கடையில் விற்கும் பிளாஸ்டிக் செடிமாதிரி நின்றன.

முதல் தொட்டியைக் கவிழ்த்தாள். மண் கொட்டவில்லை. தட்டினாள். கொட்டவில்லை. கல்லில் மோதி உடைத்தாள். தொட்டியின் வடிவத்திலேயே ஒன்று உள்ளே இருந்தது. வெள்ளையாக. மண் அதில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர, மண்ணாக எதுவும் இல்லை. நூல், அத்தனையும் நூல், நெருக்கிப் பின்னி, பஞ்சு அடைத்த தலையணைபோல. விரலால் அழுத்தினாள். அழுத்திய இடம் மெல்ல மெல்லத் திரும்பி எழும்பியது.

அடுத்த தொட்டி. அதுவும் அப்படியே. அடுத்தது.

நான்காவது தொட்டி தரையை விட்டு வரமாட்டேன் என்றது. பல்லைக் கடித்து இழுத்தாள். அடியிலிருந்த ஓட்டை வழியாக வெள்ளை நூல் கற்றையாக இறங்கி, செங்கல் வரிசைக்குக் கீழே புகுந்திருந்தது. செங்கல்லைப் புரட்டினாள். அங்கே ஓடியது. அடுத்த செங்கல். அங்கேயும். தொட்டிக்குத் தொட்டி, வரிசைக்கு வரிசை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பக்கமாகத்தான் போயின. அவள் தவழ்ந்தபடியே தொடர்ந்தாள். சுவரோரம் வந்து நின்றாள். சுவரின் அடியில், காரை பெயர்ந்த இடத்தில், அது உள்ளே நுழைந்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் மீனாவின் பாய்.

கரண்ட் போனது. தெருவில் பிள்ளைகள் "ஓ"வென்று கத்தி ஓய்ந்தார்கள். அன்னக்கொடி சுவரைப் பிடித்து எழுந்தாள். அடுப்படியில் சிம்னி விளக்கைத் தேடி ஏற்றினாள். மூன்றாவது குச்சியில்தான் பற்றியது.

மீனா மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. சேலை விலகி, வயிறு விளக்கு வெளிச்சத்தில் வழவழவென்று மின்னியது.

"தொட்டியை ஒடைச்சியாம்மா?"

அன்னக்கொடி விளக்கோடு பக்கத்தில் போனாள். உடைத்த சத்தம் கேட்டிருக்கும், அவ்வளவுதான், என்று நினைக்க முயன்றாள்.

"எங்கயும் வலிக்குதாத்தா?"

"இல்லம்மா. கைய வச்சுப் பாரு. நல்லாருக்கு அது."

விளக்கைத் தரையில் வைத்தாள். உட்கார்ந்தாள். செத்திருந்தால் செத்தது என்று தெரிந்துவிடட்டும், உயிரோடு இருந்தால் ஒரு உதை போதும். ஒரே ஒரு உதை. வலது உள்ளங்கையை மகள் வயிற்றில் வைத்தாள்.

குளிர்ச்சி. ஈரம். உதை இல்லை.

ஆனால் அசைந்தது.

வயிறு முழுக்க, எல்லா இடத்திலும், ஒரே நேரத்தில், மெதுவாக. பிறகு ஓரங்களிலெல்லாம் அடங்கி, அவள் கை இருந்த இடத்துக்குக் கீழே வந்து கூடியது. கை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தது. "உசுரோட இருக்குடி!" அன்னக்கொடி தன்னை மறந்து அழுதுவிட்டாள். "என் ராசாத்தி, புள்ள உசுரோட இருக்குடி!"

கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தாள். கை வரவில்லை.

மீனாவின் தோலும் கூடவே எழும்பியது. அன்னக்கொடி விளக்கை இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே வெள்ளையாக, பிறந்த குழந்தையின் பூனைமுடிபோல, மெல்லிய இழைகள். நகக்கண் வெடிப்புகளில் ஏறியிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று ஆள்காட்டி விரல் கணுவைத் தாண்டியது. தோலுக்கு அடியில். மணிக்கட்டுப் பக்கமாக.

வலிக்கவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. எத்தனையோ வருஷமாக ஓயாமல் குடைந்துகொண்டிருந்த கை வலி, விரலில் தொடங்கி ஒவ்வொரு கணுவாக அடங்கிக்கொண்டே வந்தது.

"இழுக்காதம்மா," என்றாள் மீனா. வாயைத் திறந்தபோது நாக்கு வெள்ளையாக இருந்தது. "உள்ள மண்ணு பத்தலம்மா அதுக்கு. இப்பத்தான் ஒன்னயப் பிடிச்சிருக்கு. இழுத்தா அந்துபோயிரும். இந்தப் புள்ளையும் போயிரும்."

வாசலில் டிரைசைக்கிள் வந்து நின்றது. மணியடித்தது.

"தங்கச்சி! தொட்டி ஏத்தலாமா? மழைக்கு முந்தி போகணும், வெரசா வா!"

ஒரு சத்தம் கொடுத்தால் போதும். கருத்தக்கண்ணன் ஓடிவருவார். அரிவாளால் அறுத்து எடுத்துவிடுவார். அன்னக்கொடி வாயைத் திறந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். மீனாவின் கண்ணில் நீர் திரண்டிருந்தது, பயத்தில், வேறு எதிலும் இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில்.

"தங்கச்சி? உள்ள யாரும் இல்லையா?"

அன்னக்கொடி வாயை மூடிக்கொண்டாள். விளக்கை ஊதி அணைத்தாள். மகளுக்குப் பக்கத்தில் சரிந்து படுத்து, இருட்டில் தடவி, இடது கையையும் எடுத்து அந்த வயிற்றின்மேல் வைத்தாள்.